போர்டு ‘கனெக்டட்’ என்று சொன்னால் போதுமா? ஈஎஸ்பி32, ஈஎஸ்பி8266 இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று போனில் பார்க்க ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறேன். அல்ட்ராசானிக் சென்சார், ஒரு பிளாஸ்டிக் டப்பா, பழைய போன் சார்ஜர், உள்ளே வைஃபை வசதியுள்ள ஒரு சின்னக் கணினி போர்டு. முதலில் ஈஎஸ்பி8266 இருந்தது, இப்போது ஈஎஸ்பி32. வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில், செய்திகளை வாங்கி உரிய இடத்துக்குக் கொடுக்கும் மஸ்கீட்டோ என்ற மென்பொருள் ஓடுகிறது. போர்டு அதனுடன் எம்க்யூடிடி என்ற செய்தி முறை வழியாக, 8883 போர்ட்டில், டிஎல்எஸ் என்ற இணைப்புப் பாதுகாப்போடு பேசுகிறது. கீழே மோட்டாரைப் போடும் ரிலேவும் அதே சர்வரில்தான்.

இந்த ஏற்பாடு மூன்று தடவை நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் சென்சார் மேல்தான் சந்தேகப்பட்டேன், ஒவ்வொரு தடவையும் காரணம் நான் டிஎல்எஸ்ஸை அமைத்த விதம். ஆனால் நின்றுபோன மூன்றையும்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அது பல மாதம் நிற்காமல் ஓடியது.

நிற்காமல் ஓடிய தவறு

முதலில் எழுதிய நிரலில் ‘செட்இன்செக்யூர்’ என்று ஒரு வரி இருந்தது. ஆர்டுயினோ என்ற நிரல் எழுதும் கருவியில் ஈஎஸ்பி போர்டுகளுக்கு எழுதுகிற யாரும் இதைப் பார்த்திருப்பார்கள். சான்றிதழ் பிழை வருகிறது, தேடுகிறோம், யாரோ ‘இந்த வரியைச் சேருங்கள், சரியாகிவிடும்’ என்கிறார், சரியாகிவிடுகிறது. பெயரிலேயே ‘பாதுகாப்பில்லை’ என்று எழுதி ஒட்டியிருந்தும் நான் அதைப் படிக்கவில்லை.

டிஎல்எஸ் செய்யும் வேலை இரண்டு. நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி பேச்சைப் பூட்டுவது ஒன்று. எதிரே இருப்பது உண்மையிலேயே நம் சர்வர்தானா என்று சான்றிதழை வைத்துப் பார்ப்பது இன்னொன்று. இந்த வரி இரண்டாவது வேலையை நிறுத்திவிடுகிறது. கதவைத் தட்டியவர் யார் என்று கேட்காமல் உள்ளே விட்டுவிட்டு, பிறகு கவனமாகத் தாழ்ப்பாள் போடுவது மாதிரி.

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பதை யாரோ பார்த்தால் என்ன போயிற்று என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எம்க்யூடிடியில் இணையும்போது போர்டு முதலில் அனுப்புவதே பயனர் பெயரும் கடவுச்சொல்லும்தான். அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் உங்கள் சர்வரின் பெயருக்குத் தன் கணினியின் முகவரியைக் கொடுத்துவிட்டால், போர்டு அவரிடம் போய் அந்தக் கடவுச்சொல்லை ஒப்படைத்துவிடும். அதை வைத்து அவர் என் மோட்டாரைப் போடலாம். இன்னும் மோசம், போர்டின் நிரலையே வைஃபை வழியாகப் புதுப்பிக்கும் ஓடிஏ அப்டேட்டையும் இதே வரியோடு, அல்லது பூட்டே இல்லாத வெறும் எச்டிடிபியில் எடுப்பது. அப்போது போகிறது கடவுச்சொல் இல்லை, போர்டே.

கணினியில் சோதித்துப் பார்க்க இந்த வரி உதவும், மறுக்கவில்லை. டப்பாவுக்குள் வைத்து மூடுகிற நிரலில் அது இருக்கக் கூடாது.

எந்தச் சான்றிதழை நம்புவது

அந்த வரியை எடுத்துவிட்டு, சர்வர் சான்றிதழின் ஃபிங்கர்பிரிண்ட்டை (அந்த ஒரு சான்றிதழுக்கே உரிய அடையாள எண்ணை) நிரலில் போட்டேன். இரண்டே மாதத்தில் நின்றது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அப்போது எனக்குத் தந்த சான்றிதழின் ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும் சர்ட்பாட் அது முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புதியதை வாங்கிவிடும். புதிய சான்றிதழுக்குப் புதிய ஃபிங்கர்பிரிண்ட். பிறகு மாடிப்படி ஏறித்தான் போர்டைச் சரிசெய்ய முடிந்தது. இனி இந்தத் தொல்லை இன்னும் அடிக்கடி வரும்: பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச்சிலிருந்து 47 நாள் என்று வைக்க 2025-இல் முடிவாகிவிட்டது.

ஆகவே போர்டில் வைக்க வேண்டியது சர்வரின் சான்றிதழ் அல்ல, அதற்குக் கையெழுத்துப் போடும் சங்கிலியின் உச்சியில் இருக்கும் ரூட் சான்றிதழ். பிரவுசரில் பூட்டுப் படத்தைத் தட்டி, முதலில் கண்ணில் படுவதை இறக்கினால் கிடைப்பது சர்வருடையதுதான். மேலே ஏறி உச்சியில் இருப்பதை எடுக்க வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட்டின் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 2035 ஜூன் வரை செல்லும்.

ரூட்டும் சாகாவரம் பெற்றதல்ல. லெட்ஸ் என்க்ரிப்ட் முன்பு சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, அப்டேட் வாங்காத பழைய கருவிகள் பலவும் திடீரென்று இணைய முடியாமல் போயின. ஈஎஸ்பி32-ஐத் தயாரிக்கும் நிறுவனமே தரும் ஈஎஸ்பி-ஐடிஎஃப் என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது: மோசில்லா நம்பும் ரூட் சான்றிதழ்களை மொத்தமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அதை அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். எதை வைத்தாலும், அதைத் தொலைவிலிருந்தே மாற்ற ஒரு வழி வைத்துவிட்டு டப்பாவை மூடுங்கள்.

இங்கேயே இன்னொரு சறுக்கல். பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் தொல்லை வேண்டாம் என்று சர்வரின் ஐபி எண்ணை நிரலில் எழுதியிருந்தேன். சான்றிதழில் இருப்பது பெயர், நான் கேட்பது எண். இரண்டும் பொருந்தாது. ஈஎஸ்பி32-இல் இப்படிப்பட்ட நேரத்தில் -9984 என்ற பிழை எண் வரும். இந்த எண்ணைப் பார்த்ததும் கை தானாக ‘செட்இன்செக்யூர்’ பக்கம் போகும். போக விடாதீர்கள், முதலில் பெயரைப் பாருங்கள், அப்புறம் ரூட்டைப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்தால்

ரூட் சான்றிதழ் வைத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஈஎஸ்பி8266, ஒரு மாலை கரண்ட் போய் வந்த பிறகு இணையவே இல்லை. காரணம் கடிகாரம். இந்த போர்டுகளில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் அவை கண் விழிப்பது 1970 ஜனவரி 1-இல். சான்றிதழோ ‘நான் இந்தத் தேதியிலிருந்துதான் செல்லுபடி’ என்கிறது. 1970-இல் நின்று பார்த்தால் அது இன்னும் பிறக்கவே இல்லை.

இணையத்திலிருந்து நேரம் தரும் என்டிபி வழியாக நேரம் வாங்கத்தான் செய்தேன், ஆனால் ஒரே ஒரு தடவை, ஆரம்பத்தில். போர்டு சில நொடிகளில் எழுந்துவிடும். வீட்டு ரவுட்டர் எழுந்து இணையம் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். போர்டு கேட்ட நேரத்தில் பதில் சொல்ல ஆளில்லை. நேரம் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், கிடைக்காமல் டிஎல்எஸ் பக்கம் போகக் கூடாது. கிடைத்ததா என்று அறிய எளிய வழி: 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வினாடி எண்ணிக்கை 1735689600-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பது. அது 2025 தொடங்கிய கணம். நம் ஊர் நேரத்துக்காக 19800 வினாடியை (ஐந்தரை மணி நேரம்) அந்த எண்ணிலேயே கூட்டிவைக்கும் பழக்கமும் வேண்டாம். சான்றிதழ் பார்ப்பது உலகப் பொது நேரமான யுடிசியை.

ஈஎஸ்பி32-க்கு மாறினால் இந்தத் தொல்லை போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் போகவில்லை, மறைந்திருக்கிறது. ஈஎஸ்பி-ஐடிஎஃப்பில் சான்றிதழின் தேதியைப் பார்க்கும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். காலாவதியான சான்றிதழையும் அது ஏற்றுக்கொள்ளும். மெனுகான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் போய் நாம்தான் போட வேண்டும்.

நினைவகம்

மூன்றாவது தடவை நின்றது ஈஎஸ்பி32-இல்தான். நாலைந்து நாள் ஓடும், பிறகு -32512. நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று பொருள். மிச்சம் எவ்வளவு என்று அச்சிட்டுப் பார்த்தால் தாராளமாக இருந்தது. ஆனால் டிஎல்எஸ்ஸில் ஒரு ரெக்கார்டு (ஒரே தடவையில் வரும் தரவுக் கட்டு) 16 கேபி வரை வரலாம், அதை வாங்கிவைக்க அத்தனை இடமும் ஒரே துண்டாக வேண்டும். பேருந்தில் பத்து இருக்கை காலி, ஆனால் ஒன்று முன்னால், ஒன்று பின்னால். குடும்பத்தோடு ஏறியவர்களுக்கு அதனால் பயனில்லை. நான் ஒவ்வொரு தடவை அளவு அனுப்பும்போதும் புதிதாக இணைப்பை உருவாக்கி, உடைத்து, நினைவகத்தைத் துண்டு துண்டாக்கியிருந்தேன். இணைப்புப் பொருளை ஒரே ஒரு தடவை உருவாக்கி, இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும்படி மாற்றியதும் சரியானது. பார்க்க வேண்டிய எண், கிடைக்கும் துண்டுகளில் பெரியது எவ்வளவு என்பது.

டப்பாவைத் திறந்தால்

போர்டு கையில் கிடைத்தால், ஒரு யுஎஸ்பி கேபிளும் ஈஎஸ்பிடூல் நிரலும் போதும்; நிரல் சேமிக்கப்பட்டிருக்கும் ஃபிளாஷில் இருப்பதை முழுவதும் நகலெடுத்து, வைஃபை கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். ஈஎஸ்பி32-இல் ஃபிளாஷ் என்க்ரிப்ஷன் (ஃபிளாஷையே பூட்டிவைப்பது) இதைத் தடுக்கும். ஆனால் அது சிப்பில் ஒரே ஒரு தடவை எழுதக்கூடிய இஃப்யூஸை எரிக்கிற வேலை, எரித்ததைத் திரும்பப் பெற முடியாது. முதலில் வீணானாலும் பரவாயில்லை என்கிற ஒரு போர்டில் பழகுங்கள். வீட்டுத் தொட்டிக்கு இது அவசியமா என்றால், என் கருத்தில் இல்லை. ஒவ்வொரு போர்டுக்கும் தனிக் கடவுச்சொல் கொடுத்து, அது தொடக்கூடிய டாபிக்குகளை (செய்திகளின் தலைப்புகளை) மட்டும் சர்வரில் அனுமதித்தாலே பாதிக் கவலை தீரும். நிரலை, பழைய பதிப்புகளையும் சேர்த்துவைக்கும் கிட்டில் ஏற்றும்போது கடவுச்சொல்லும் சேர்ந்து போய்விட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பது உதவாது, பழைய கமிட்டில் அது இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.

மூடும் முன்

போர்டு அனுப்பும் வரிகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் ‘கனெக்டட்’ என்று வருவதை இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை. இணையக் கூடாத இடத்தில் இணையாமல் நிற்கிறதா என்று பார்க்கிறேன். வேண்டுமென்றே வேறொரு நிறுவனத்தின் ரூட் சான்றிதழை வைத்து ஒரு தடவை. பேட்எஸ்எஸ்எல் தளத்தில் பெயர் பொருந்தாத முகவரி ஒன்றும், தானே கையெழுத்திட்ட சான்றிதழோடு ஒன்றும் இதற்காகவே வைத்திருக்கிறார்கள்; அவற்றோடு ஒரு தடவை. எல்லாவற்றிலும் பிழை வர வேண்டும். கடைசியாக ரவுட்டரையும் போர்டையும் சேர்த்து அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஒரே சுவிட்சில் போடுகிறேன். எதையும் தொடாமல், தொட்டியின் அளவு தானாக போனுக்கு வந்த பிறகுதான் டப்பாவுக்கு ஸ்க்ரூ.