கட்டுமானத்துக்கு முன்னால் ஒரு கடன்: குறைந்த வாடகை வீடு கட்டப் போகும் சிறு அமைப்புகளுக்கு

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்காக நாற்பது வீடு கட்ட ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டத் தொடங்கினால் வங்கிக் கடன் உண்டு. குறைந்த வாடகை வீடுகளில் பணம் போடுபவர்களுக்கு வரியைக் குறைக்கும், 1986-இல் வந்த வரிச்சலுகைத் திட்டம் வழியாக முதலீடும் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் விண்ணப்பிக்கவே நில ஒப்பந்தம், வரைபடம், மண் பரிசோதனை, சந்தை ஆய்வு கையில் வேண்டும். அந்தச் செலவுக்குக் காசு இல்லாமல்தான் பல நல்ல திட்டங்கள் நின்றுபோகின்றன. இந்த இடைவெளிக்காகவே இருப்பது பிரீடெவலப்மென்ட் லோன், அதாவது கட்டுமானத்துக்கு முந்தைய செலவுகளுக்கான கடன்.

முதல் படி: நிலத்தை உடனே வாங்காமல் பிடித்து வையுங்கள்

இதற்கு ஆப்ஷன் ஒப்பந்தம் போடுவார்கள். ஒரு சிறு தொகை கொடுத்தால், குறிப்பிட்ட காலம்வரை பேசிய விலைக்கு வாங்கும் உரிமை உங்களுக்கு. உரிமையாளர் வேறு யாருக்கும் விற்க முடியாது; நீங்கள் விலகினால் பொதுவாக அந்தத் தொகை மட்டும்தான் போகும். கடன் கொடுப்பவர் முதலில் கேட்பதும் இதைத்தான். காலத்தை நீட்டிக்கும் உரிமையையும் மறக்காமல் எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன வரிச்சலுகைக்குப் பெரும்பாலும் பல திட்டங்கள் போட்டியிடும்; அதில் ஒருமுறை தவறினால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: எதற்கு முதலில் செலவு?

நான் மிக முக்கியமாக நினைப்பது இதுதான். திட்டத்தையே நிறுத்திவிடக்கூடிய கேள்விகளில் எதற்குக் குறைந்த செலவில் விடை கிடைக்குமோ, அதில் தொடங்குங்கள். அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட நகராட்சியின் சோனிங் விதி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது ஃபேஸ் ஒன் சுற்றுச்சூழல் ஆய்வு. இதில் மண்ணைத் தோண்டமாட்டார்கள். பழைய ஆவணங்களைப் புரட்டி, நேரில் வந்து பார்த்து, அங்கே முன்பு பெட்ரோல் பங்க் இருந்ததா, சலவைக்கடை இருந்ததா என்று தேடுவார்கள். 1980-ஆம் ஆண்டின் சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, மாசுபட்ட நிலத்தை வாங்கியவர் தலையிலேயே சுத்தம் செய்யும் செலவு விழலாம். வாங்கும் முன்பே முறையாக விசாரித்தவருக்குத்தான் சட்டத்தில் பாதுகாப்பு கிடைக்க வழி உண்டு. ஆய்வின் முக்கியப் பகுதிகள் 180 நாளில் பழசாகிவிடும். அதனால் நிலம் வாங்கும் தேதியைக் கணக்குப் போட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் மண் பரிசோதனை, சந்தை ஆய்வு. கட்டடக் கலைஞரின் முழு வரைபடம் பெரிய செலவு. அதைக் கடைசிக்கு வையுங்கள். ஆரம்பத்தில் ஒரு மாதிரிப் படம் போதும்.

மூன்றாம் படி: யாரிடம் கேட்பது?

அடமானம் வைக்க ஒன்றும் இல்லாத நிலையில் சாதாரண வங்கி தயங்கும். சமூக வளர்ச்சிக்கென்றே கடன் தரும் சி.டி.எஃப்.ஐ. நிறுவனங்களிடம் போங்கள். 1979-இல் தொடங்கிய லிஸ்க், 1982-இல் தொடங்கிய என்டர்பிரைஸ் இரண்டும் நாடு முழுவதும் தெரிந்த பெயர்கள். கிராமப்புறம் என்றால் ஹவுசிங் அசிஸ்டன்ஸ் கவுன்சில், மாசசூசெட்ஸ் என்றால் செடாக். உங்களுக்கு இது முதல் திட்டமா? அனுபவமுள்ள ஆலோசகரையோ கூட்டாளி அமைப்பையோ சேர்த்துக்கொண்டு போங்கள். நிலத்தைவிட ஆட்களைத்தான் கடன் கொடுப்பவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள்.

நான்காம் படி: கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

திட்டம் நின்றுபோனால் பணத்தை யார் கட்டுவது? சில கடன்களில் முழுப் பொறுப்பும் அமைப்புக்குத்தான். குறைந்த வருமானக் குடும்பங்களின் வீட்டுவசதிக்கு நிதி தரும் மத்திய அரசின் ஹோம் திட்டத்தில், தகுதி பெற்ற சமூக வீட்டுவசதி அமைப்புகளுக்குக் கிடைக்கும் இத்தகைய கடனை, அமைப்பின் கட்டுப்பாட்டை மீறிய தடை திட்டத்துக்கு வந்தால் உள்ளூர் அரசு தள்ளுபடி செய்யலாம். உங்கள் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதை நிர்வாகக் குழுவில் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: எடுப்பதும் அடைப்பதும்

பணம் மொத்தமாக வராது. பில் காட்டக் காட்டத்தான் வரும். கட்டுமானக் கடன் கைக்கு வரும் நாளில் அதிலிருந்தே இதை அடைப்பார்கள். ஆகவே வட்டியோடு சேர்த்து இந்தத் தொகையை முதல் நாளே கட்டுமான பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.