கியூ, எக்ஸ், இசட் வரும் ஆங்கிலக் குறுஞ்சொற்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் கியூவை அடுத்து யூ வந்தே தீர வேண்டும் என்று சிறுவயதில் படித்ததை மாறாத விதியாகக் கொள்வதே, எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டத்தை ஆடுவோர் செய்யும் முதல் தவறு. ஆட்டத்தின் நூறு கட்டைகளில் கியூ ஒன்றுதான், யூ நான்கு. யூ வரட்டும் என்று காத்திருந்து, கடைசியில் கியூ கையிலேயே தங்கிவிட்டால் அதன் 10 புள்ளிகள் நம் கணக்கில் கழிக்கப்படும். எதிராளி தம் கட்டைகள் அனைத்தையும் வைத்து முடித்திருந்தால் அதே 10 புள்ளிகள் அவர் கணக்கில் ஏறும்.

உண்மையில் அந்த விதி ஆங்கிலத்தின் பிறவிக் குணமன்று. பழைய ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் சொல்லே சி-டபிள்யூ என்று தொடங்கியது; 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சு எழுத்து வழக்கின் செல்வாக்கால்தான் கியூ-யூ என்னும் இணை அங்கே வேரூன்றியது. அந்த வழியாக வராமல் அரபு, எபிரேயம், சீனம் முதலிய மொழிகளிலிருந்து வந்து சேர்ந்த சொற்களுக்கு யூ தேவைப்படவில்லை. கியூ-ஐ என்பது சீனச் சிந்தனையில் உடலில் ஓடும் உயிராற்றல். கியூ-ஏ-டி (QAT) என்பது மென்று சுவைக்கப்படும் இலைகளைக் கொண்ட ஒரு செடி. கியூ-ஏ-டி-ஐ (QADI) என்றால் இசுலாமிய நீதிபதி, அதாவது நாம் காஜி என்று அழைப்பவர். மலையடி நிலத்தடி நீரை மெல்லிய சரிவில் தொலைவிலுள்ள வயல்களுக்குக் கொண்டுசெல்லும் ஈரான் நாட்டுச் சுரங்கக் கால்வாயான கனாத்தும் இந்த வரிசையில் வருவதே. அதன் பாரசீக வடிவத்தை யுனெஸ்கோ 2016-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புர்கா, நிகாப், பக்கீர் ஆகிய சொற்கள் தமிழ் வாசகருக்குப் புதியவை அல்ல. அவற்றை ஆங்கிலத்தில் கியூவோடும் எழுதலாம் என்பதை அறிந்திருந்தாலே நெருக்கடியில் கை கொடுக்கும்.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகவும் வருத்தமளிப்பது: பொருள் தெரியாமல், ஆட்டத்தில் செல்லும் சொற்களின் பட்டியலை மட்டும் உருப்போடுவது. பொருள் தெரியாதவருக்குப் பன்மை தெரியாது. பன்மை தெரியாவிட்டால் கிடைக்க வேண்டிய புள்ளி கைநழுவும், அல்லது வைத்த சொல் செல்லாமல் போகும். எக்ஸ்-ஐ, எக்ஸ்-யூ என்னும் இரண்டும் பார்வைக்கு உடன்பிறப்புகள். முன்னது கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர். ஆகவே எஸ் சேர்த்துப் பன்மையாக்கலாம். பின்னது வியட்நாம் நாணயமான டாங்கின் நூறில் ஒரு பங்கு. அதற்கு ஒருமையும் பன்மையும் ஒன்றே, எஸ் சேர்த்தால் செல்லாது. ஸ்காட்லாந்து வழக்கில் காதலன் அல்லது காதலியைக் குறிக்கும் ஜே-ஓ என்பதன் பன்மையோ இ-எஸ் பெற்று வரும். ஓ-எக்ஸ் இன்னும் நுட்பமானது: எருது என்ற பொருளில் அதன் பன்மை இ-என் என்று முடியும், தடுமாற்றமும் மந்தமும் உள்ள மனிதன் என்ற பொருளில் இ-எஸ் என்று முடியும், இரண்டும் செல்லுபடியாகும். இத்தனையையும் வெறும் எழுத்துக்கூட்டமாக நினைவில் நிறுத்துவது கடினம். பொருளோடு படித்தால் ஒரே வாசிப்பில் பதிந்துவிடும்.

ஒலியை வைத்து எழுத்துகளை ஊகிப்பதும் ஆபத்தானது. உயிராற்றலைக் குறிக்கும் சொல்லைக் கியூ-ஐ என்றும், கே-ஐ என்றும், சி-எச்-ஐ என்றும் எழுத அகராதி இடம் தருகிறது. ஆனால் அந்தத் தாராளம் எல்லாச் சொற்களுக்கும் இல்லை. வியட்நாம் நாணயச் சொல்லின் ஒலி 'சூ' என்பதற்காக எஸ்-யூ என்று வைத்தால் அது செல்லாது.

எந்த அகராதி என்று முடிவு செய்யாமல் ஆட உட்காருவதும் தவறே. வட அமெரிக்கப் பட்டியலில் ஈரெழுத்துச் சொற்கள் 107. பிற நாடுகளில் பெரும்பாலும் பின்பற்றப்படும் காலின்ஸ் பட்டியலில் 127. கவரிமாவும் மாடும் கலந்து பிறந்த விலங்கைக் குறிக்கும் இசட்-ஓ இரண்டாவதில் மட்டுமே உண்டு. அன்றாடம் எல்லோர் வாயிலும் புழங்கும் ஓ-கே கூட வட அமெரிக்கப் பட்டியலில் 2018-இலும் காலின்ஸில் 2019-இலும்தான் இடம்பெற்றது. ஆகவே பேச்சில் இருப்பதெல்லாம் பட்டியலில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். வி எழுத்தைக் கொண்ட ஈரெழுத்துச் சொல் இரண்டு பட்டியல்களிலும் இல்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கடைசியாக, எதிராளி வைத்த சொல் விசித்திரமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைச் செல்லாது என்று மறுக்கக் கூடாது. இசட்-ஏ என்பது பீட்சாவின் சுருக்கம். இசட்-ஏ-எக்ஸ் கற்பலகை வெட்டும் கருவி. இசட்-இ-கே சோவியத் உழைப்பு முகாம்களில் அடைக்கப்பட்ட கைதி. மூன்றும் செல்லும் சொற்களே. வட அமெரிக்கப் போட்டிகளில் செல்லும் சொல்லை மறுத்தவர் தம் அடுத்த முறையை இழப்பார்.