கொல்லம் ஆண்டா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

நெல்லைச் சீமையின் வரலாறு, நாட்டார் வழக்காறு என்று ஆய்வில் இறங்கியிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளிலும் பழைய ஓலைகளிலும் கொல்லம் ஆண்டு (கேரள வழக்கிலுள்ள ஆண்டுக் கணக்கு) அடிக்கடி வரும். பலரும் அதோடு 825-ஐக் கூட்டி ஆங்கில ஆண்டாக எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் ஒரு வருடம் பிசகுகிறது.

இங்கே கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆகவே ஆவணி முதல் மார்கழி நடு வரை 824-ஐக் கூட்டுங்கள். அதற்குப் பிறகு ஆடி முடிய 825. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அது கொல்லம் 975, ஓலை எழுத்தில் ௯௱௭௰௫. 825-ஐக் கூட்டினால் 1800 ஆகிவிடும்!

பக்கத்திலேயே தமிழ் வருடப் பெயர் இருந்தால் விட்டுவிடாதீர்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1799 அக்டோபருக்குச் சித்தார்த்தி. ஆனால் அந்தப் பெயர் சித்திரையில் மாறும், அதனால் அதே 975-இன் பிற்பகுதி ரௌத்திரியில் வரும். இரண்டும் பொருந்தினால் தேதி உறுதி.

அப்புறம், மாதம் சிதைந்து போயிருந்தால் ஊகிக்க வேண்டாம். ஆய்வேட்டில், 975 என்றால் 1799–1800 என்பதுபோல் இரண்டு ஆண்டையும் சேர்த்தே எழுதி, மூலத்தில் உள்ளதை அடிக்குறிப்பில் அப்படியே கொடுத்துவிடுங்கள்.