கொள்முதல் பில்லைப் படிக்கும் வசதியை உங்கள் மென்பொருளில் சேர்ப்பது எப்படி?

கடைக்கணக்கு மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுதி வைத்திருக்கிறீர்கள். கொள்முதல் பில்களை மட்டும் இன்னும் கையால் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பில் எண், தேதி, ஜிஎஸ்டி எண், தொகை ஆகியவற்றைச் செயற்கை நுண்ணறிவே எடுத்துத் தருமாறு செய்யலாம்.

முதல் படி, கோப்பிலிருந்து எழுத்தைப் பெறுவது. கணினியிலேயே உருவான பிடிஎஃப் என்றால் பைபிடிஎஃப் நூலகம் போதும். ஸ்கேன் செய்த படமென்றால் டெஸராக்ட் போன்ற ஓசிஆர், அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள், வேண்டும். தமிழுக்கான மொழிக்கோப்பையும் நிறுவிக்கொண்டு, அங்குலத்திற்கு 300 புள்ளிகளில் ஸ்கேன் செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் திரையில் ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் எழுத்தைப் பிரித்தெடுத்தால் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். அத்தகைய கோப்பையும் படமாக மாற்றி ஓசிஆரிடமே கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி, கிடைத்த எழுத்தை ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) மூலம் மொழி மாதிரிக்கு, அதாவது எழுத்தைப் படித்து விடை தரும் செயற்கை நுண்ணறிவுக்கு, அனுப்புவது. வேண்டிய புலங்களைப் பெயர் சொல்லிக் கேட்டு, விடையை ஜேசான் (புலத்தின் பெயரும் மதிப்பும் ஜோடியாக வரும்) வடிவில் மட்டும் தரவேண்டும் என்றும், பில்லில் இல்லாததை ஊகிக்காமல் வெற்றாக விடவேண்டும் என்றும் எழுதுங்கள். ஏபிஐயைப் பயன்படுத்தக் கடவுச்சொல்லைப் போல இருக்கும் சாவியை நிரலுக்குள் எழுதாமல், நிரலுக்கு வெளியே இயங்குதளத்தில் அமைக்கும் சூழல் மாறியில் வையுங்கள்.

மூன்றாம் படியான சரிபார்ப்பில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி செலவாக வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் மாதிரி தவறான எண்ணையும் சரியான எண்ணைப் போலவே தயங்காமல் தரும். ஜிஎஸ்டி எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 15 குறிகள் உண்டு: முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டிற்கு 33), அடுத்த பத்து பான் எண், கடைசியாக வருவது முன்னுள்ள 14-ஐக் கொண்டு கணக்கிடப்படும் சரிபார்ப்புக் குறி. ஓசிஆர் 8-ஐ ஆங்கில ‘பி’ என்றோ, 5-ஐ ‘எஸ்’ என்றோ படித்திருந்தால் அந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஒரே மாநிலத்திற்குள் நடந்த விற்பனையென்றால் மத்திய வரியும் மாநில வரியும் சமமாக இருக்க வேண்டும்: 10,000 ரூபாய்க்கு 18 சதவீத வரி என்றால் 900, 900, மொத்தம் 11,800. ரூபாயாக முழுமையாக்குவதால் வரும் சில்லறை வேறுபாட்டை மட்டும் அனுமதியுங்கள். பொருந்தாத பில்லைத் திருத்தச் சொல்லி மீண்டும் மாதிரியிடம் அனுப்பாமல், படத்தையும் எடுத்த விவரத்தையும் அருகருகே காட்டிக் கணக்கரிடம் விடுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே பதிந்த பழைய பில்கள் ஐம்பதை ஓட்டிப் பார்த்து, பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஓரிரண்டு இடங்களில் கையால் பதிந்ததுதான் தவறு என்று தெரியவந்தால், அதையும் கணக்கரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.