இரு நீர்மங்களின் எல்லையில் கருநீலப் படிகம் வளர்க்கும் முறை

டெட்ராஅம்மைன் காப்பர் சல்பேட் என்னும் கருநீல உப்பு, அம்மோனியா கலந்த நீரில் நன்கு கரையும். எத்தனாலில் ஏறத்தாழக் கரையாது. அதன் கரைசலில் எத்தனாலை ஊற்றிக் கலக்கிவிட்டால், கரைதிறன் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சரிந்து, எண்ணற்ற படிகக் கருக்கள் (படிகம் வளரத் தொடங்கும் நுண்புள்ளிகள்) தோன்றி, நுண்தூளான வீழ்படிவே கிடைக்கும். எத்தனாலைக் கலக்காமல் மேலே அடுக்கி வைத்தாலோ, அது கீழ்நோக்கி விரவும் எல்லைப் பகுதி மட்டும் மெல்ல மெல்ல மீதெவிட்டிய நிலையை, அதாவது கரையக்கூடிய அளவுக்கு மேல் உப்பு கரைந்திருக்கும் நிலையை, எட்டும். அங்கு உருவாகும் சில கருக்களே கரைபொருளைப் பங்கிட்டுக்கொண்டு வளர்வதால், படிகங்கள் பெரிதாகின்றன.

இதை ஆய்வகத்தில், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்துதான் செய்ய வேண்டும். 5 கிராம் மயில்துத்தத்தை (நீரேறிய காப்பர் சல்பேட்) பொடித்து 5 மி.லி. நீரில் இட்டு, 10 மி.லி. அடர் அம்மோனியாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். முதலில் வெளிர்நீல வீழ்படிவு தோன்றிக் கலங்கும்; அம்மோனியா மிகும்போது அது கரைந்து, ஒளி ஊடுருவாத அளவுக்குக் கருநீலமாகும். கரையாத தூசு இருந்தால் வடிகட்டிவிடவும், ஏனெனில் ஒவ்வொரு துகளும் தேவையற்ற ஒரு கருவாக மாறக்கூடும்.

கரைசலை 50 மி.லி. அளவு ஜாடியில் ஊற்றவும். அடுத்து வரும் இரண்டு நிமிட வேலையைப் பொறுத்தே படிகத்தின் அளவு அமையும் என்பதால், இங்கே அவசரப்படக் கூடாது. சம அளவு நீரும் எத்தனாலும் கலந்த 3 மி.லி. நீர்மத்தை முதலில் இடைப்படலமாக இடவும். பிப்பெட்டின் நுனியைக் கரைசலின் மட்டத்துக்குச் சற்று மேலே, ஜாடியின் உட்சுவரோடு ஒட்டிப் பிடித்து, நீர்மம் சுவர் வழியே வழியும்படி விட வேண்டும். அதன்மேல் 15 மி.லி. எத்தனாலையும் அப்படியே சேர்க்கவும். எத்தனாலின் அடர்த்தி 0.79 மட்டுமே என்பதால் அது மேலேயே நிற்கும். எல்லையைப் பக்கவாட்டில் பார்த்தால், தண்ணீரில் சர்க்கரைப் பாகு கரையும்போது தெரிவது போன்ற நெளியும் இழைகள் தெரியும். நீலம் மேலே சுருண்டு எழுந்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

ஜாடியின் வாயை மூடி, வெயிலும் அதிர்வும் படாத இடத்தில் வைக்கவும். குளிர்பதனப் பெட்டியின் அதிர்வு தொல்லை தரும் என்பதால் அதன் மேல் வைக்க வேண்டாம். பெரும்பாலும் மறுநாளே எல்லைக்கு அருகில் சுவரைப் பற்றிய ஊசிகள் தெரியும். கனத்தவை அடியில் விழுந்து அங்கேயே வளரும். விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடுக்கின் உயரம் இரு மடங்கானால் காத்திருப்பு நான்கு மடங்காகும். ஆகவே ஒல்லியான உயரமான கலமே பெரிய படிகத்துக்கு ஏற்றது.

நீல நிறம் வெளிறியதும் நீர்மத்தை இறுத்து, படிகங்களை எத்தனாலும் சிறிது அம்மோனியாவும் சேர்ந்த கலவையால் கழுவி, வடிதாளில் ஒற்றி எடுக்கவும். சூடாக்கி உலர்த்தினால் அம்மோனியா வெளியேறிப் படிகம் வெளிறிப் பொடியாகும். திறந்து வைத்தாலும் நாளடைவில் அதுவே நேரும் என்பதால், உலர்ந்தவுடன் இறுக மூடிய குப்பியில் இடவும். எஞ்சிய தாமிர நீர்மத்தைத் தொட்டியில் ஊற்றாமல் ஆய்வகக் கழிவுக் கலத்தில் சேர்க்கவும். தாமிரத்துக்குப் பதிலாக வெள்ளி உப்பை வைத்து இம்முறையை ஒருபோதும் முயலக் கூடாது. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை அப்படியே வைத்திருந்தால் வெடிபொருள் உருவாகும்.