தனுஷ்கோடி மணலும் என் 18-135 லென்ஸும்

பயணத்தில் லென்ஸை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்ற புத்தி தனுஷ்கோடியில்தான் வந்தது. 1964 புயலில் சிதைந்த தேவாலயத்துக்கு அகலமாகக் காட்டும் 18-55 மி.மீ. லென்ஸ், தூரத்தில் வலை இழுப்பவர்களுக்குக் கிட்டே இழுத்துக் காட்டும் 55-250 என்று மணல் காற்றில் நின்றுகொண்டே லென்ஸை மாற்றி மாற்றி மாட்டினேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப்/16-ல் எடுத்த வானம் முழுக்கக் கரும்புள்ளிகள். படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் தூசி. துளையைப் பெரிதாகத் திறந்த எஃப்/4 படங்களில் அது தெரியவே இல்லை, அதனால்தான் அங்கேயே கண்ணில் படவில்லை.

கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து புளோயரால் ஊதியதில் பாதி போனது, மீதிக்கு சர்வீஸ் செலவு. அப்புறம்தான் உட்கார்ந்து, பழைய பயணப் படங்களையெல்லாம் எந்த ஃபோக்கல் லெங்த்தில், அதாவது லென்ஸின் எந்த மி.மீ. அளவில் எடுத்திருக்கிறேன் என்று பார்த்தேன். பெரும்பாலானவை 18-க்கும் 100-க்கும் நடுவில்! 250-ல் இருந்தவை பறவைகள், அவையும் மங்கல். சரி என்று 18-135 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 18-300 ஆசை காட்டத்தான் செய்தது, ஆனால் சுமக்கப்போவது என் கழுத்தல்லவா.

தாராசுரத்தில் தேர் மண்டபம் முழுசாக, அப்படியே சக்கரத்தின் ஆரம், தூண்களில் இருக்கும் குட்டிச் சிற்பங்கள் என எல்லாவற்றுக்கும் அதுவே போதுமாக இருந்தது. இருட்டில் மட்டும் 135 முனையில் துளை எஃப்/5.6-க்கு மேல் பெரிதாகத் திறக்காமல் தடுமாறும். அதற்கென்று வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் 35 எஃப்/1.8 லென்ஸ் ஒன்று பையில் கிடக்கிறது, மண்டபத்துக்குள் காற்றில்லாத மூலையில் நின்றுதான் மாட்டுகிறேன்.