இரண்டாவது ஸ்பெல்லில் (ஓய்வுக்குப் பிறகு தொடர்ந்து வீசும் ஓவர்களில்) பந்தின் வேகம் குறைகிறதா? போனிலேயே அளக்கலாம்

வடக்கின் பெரும் போருக்கு (யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் கிரிக்கெட் ஆட்டம்) தயாராகும் வேகப்பந்து வீச்சாளரைக் கண்காணிக்க ரேடார் தேவையில்லை. விநாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் போனை ஸ்டாண்டில் பூட்டி, பிட்சின் நடுவுக்கு நேர் பக்கவாட்டில் 20 மீற்றராவது தள்ளி வையுங்கள். கிட்ட வைத்தால் பந்து கோட்டைத் தாண்டும் கணம் பிழையாகத் தெரியும்.

வீடியோவைக் கணினியில் விஎல்சி பிளேயரில் திறந்து ஆங்கில 'E' விசையை அழுத்தினால் ஃப்ரேம் ஒவ்வொன்றாக நகரும். பந்து கையை விடுவதிலிருந்து துடுப்பாட்டக்காரரின் பொப்பிங் கிரீஸை (விக்கெட்டுக்கு முன்னால் உள்ள கோடு) தொடும்வரை ஃப்ரேம்களை எண்ணுங்கள். தூரம் 17.68 மீற்றர், 15,275ஐ (17.68 × 240 × 3.6) அந்த எண்ணால் வகுத்தால் மணிக்குக் கிலோமீற்றர். 135 ஃப்ரேம் என்றால் 113. ஒரு ஃப்ரேம் பிசகினால் ஒரு கிலோமீற்றர் அளவுதான் மாறும்.

டிவியில் காட்டுவது கையை விட்டதும் உள்ள வேகம். நீங்கள் அளப்பது நிலத்தில் குத்தியதையும் சேர்த்த சராசரி, ஆகவே குறைவாகவே வரும். அதோடு ஒப்பிடாதீர்கள். குத்தும் இடம் மாறினாலும் எண் மாறும்: ஒரே லெங்தில் (குத்தும் தூரத்தில்) விழுந்த ஆறு பந்துகளை மட்டும் எடுத்து நடு மதிப்பைக் குறியுங்கள். எந்த முனையிலிருந்து வீசினார் என்பதும் முக்கியம், சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் கட்டாயம்.

முதல் ஓவரைவிட 4, 5 கிலோமீற்றர் குறைந்து, ஓய்வுக்குப் பிறகும் ஏறாவிட்டால் அவரிடமிருந்து பந்தை வாங்கிவிடுங்கள். முதுகையும் தோளையும் பார்க்கவேண்டும்.